பதினோரு வினாடி

வண்ணாரப்பேட்டையில் பரோட்டாக் கடைக்கு மேல்
ஜன்னலுக்கு அட்டை ஒட்டி இருட்டாக்கிய அறையில்
வெட்டி ஒட்டுகிறவன் நான்.
'விடியல் சேதி' என்று எங்கள் சேனலுக்குப் பெயர்.
கொலை கிடையாது, விபத்து கிடையாது,
யாரும் யாரையும் ஏசுவது கிடையாது.
ஆறு நிமிஷம், ஒரு நல்ல மனிதர், ஒரு நல்ல காரியம்.
பார்க்கிறவர் கண்ணில் நீர் வரவேண்டும்,
ஐந்தாவது நிமிஷத்துக்குள் வந்துவிட்டால் உத்தமம்.

இந்த வாரம் ராதாபுரத்துக்குத் தெற்கே கரும்பொத்தை.
பொத்தையில் பாதியை கிரஷர் தின்றுவிட்டது.
மீதிப் பாதியின் அடிவாரத்தில் ஆயிரம் வேப்பங்கன்று,
பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் நாலு கழிப்பறை.
தந்தவர் கிரஷர்க்காரர்.
அறக்கட்டளைக்கு அவர் தாயார் பெயர்.
எங்களுக்குச் சம்பளம் போடுவதும்
அதே தாயார்தான்.

கழிப்பறையைக் குறை சொல்லமாட்டேன்.
குழாயில் தண்ணீர் வருகிறது.
எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி
தாழ்ப்பாளைப் போட்டுப் போட்டுத் திறந்து காட்டினாள்.
அதில் ஒரு வினாடிகூட நான் வெட்டவில்லை.

செல்வினையும் வெட்டவில்லை.
விரிசல் விட்ட சுவரிலிருந்து பெயர்ந்த செங்கல்லைத்
தலையில் சுமந்துகொண்டு
கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வாசலில்
மூன்று வருஷம் மனுவோடு நின்ற ஆள்.
இப்போது அறக்கட்டளையின் 'பசுமைத் தோழர்'.
பச்சைச் சட்டை, ஸ்கூட்டர், மாதம் பதினெட்டாயிரம்.
கன்றுகளைப் பற்றி நன்றாகப் பேசுகிறார்.
பொத்தையைப் பற்றிக் கேட்டால்
"தம்பி, அது வேற சப்ஜெக்ட்" என்கிறார்.
அவரை ஏச எனக்கு வாய் இல்லை.
இந்த மானிட்டருக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி.

சிக்கல் உச்சிமாகாளியிடம்தான்.
மடியில் முறம், முறத்தில் பீடி இலை.
"மரமெல்லாம் வந்த பிறகு எப்படி இருக்கு அக்கா?"
என்று கேமராக்காரன் கேட்டான்.
அவள் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள்.
"பேசாம இரிங்க. இந்தா, இப்பம் கேக்கும்."
அப்புறம் பதினோரு வினாடி.
கத்தரி நின்றது. கண் பொத்தைப் பக்கம்.
பன்னிரண்டாவது வினாடியில் வெடித்தது.
பரணில் ஒரு செம்பு உருண்டது, ஃபிரேம் குலுங்கியது,
"யம்மா" என்றான் கேமராக்காரன்.
இலைமேல் விழுந்த காரைத்தூளை ஊதிவிட்டு
அவள் மறுபடி வெட்டத் தொடங்கினாள்.
"கேட்டியளா? அம்புட்டுதான் நான் சொல்லுததுக்கு."

சென்னையிலிருந்து மூன்று வரிக் குறிப்பு.
வெடிச்சத்தம் வேண்டாம், எதிர்மறையாக இருக்கிறது.
கடிகாரம் வேண்டாம்.
அந்த மௌனம் பிரமாதம், விட்டுவிடாதீர்கள்.

தானமாக வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
பல் தெரியாதபடி வாயை மூடி வைக்க
எனக்குச் சம்பளம்.

பதினோரு வினாடிக்கும் அடியில் ஒரு வயலினை விரித்தேன்.
எந்தக் காட்டிலோ எவனோ பதிந்த குயிலை
பன்னிரண்டில் உட்காரவைத்தேன்.
இப்போது அவள் நன்றியில் வாயடைத்துப் போயிருக்கிறாள்.
பார்த்தால் அழுகை வரும்.
எனக்கே வந்தது.

வெடியை மட்டும் நறுக்கி
'வேண்டாதது' என்று ஒரு ஃபோல்டரில் போட்டேன்.
அழிக்கவில்லை.
அழிக்காததைத் தைரியம் என்று நினைத்துக்கொண்டு
அன்றைக்குத் தூங்கினேன்.

நேற்று போனில் கூப்பிட்டாள். நம்பர் யார் கொடுத்தார்களோ.
"தம்பி, நான் வாரேனா அதுல?"
"வாரீங்க அக்கா. நல்லா வந்திருக்கு."
"அந்தச் சத்தம்?"

கீழே கொத்துப் போட ஆரம்பித்திருந்தார்கள்,
கல்லில் இரும்பு, இரும்பில் இரும்பு.
"என்னது, அங்கயும் உடைக்காவளா?" என்றாள்.
"கடை அக்கா, பரோட்டாக் கடை."
"ம். இங்க மணி அஞ்சாவப் போவுது.
வச்சிராதிங்க, செத்த இரிங்க."

லைனில் இருந்தேன்.